பூல் கியூ செய்ய எந்த சிஎன்சி? ஒரு பட்டறைக் கணக்கு

பூல், ஸ்னூக்கர் ஆடும் குச்சியான கியூவை ரிப்பேர் செய்வது எனக்குப் பழகிய வேலை. பந்தைத் தட்டும் முனையான டிப்பை ஒட்டுவது, அதற்கு அடியில் இருக்கும் உடைந்த ஃபெரூல் வளையத்தை மாற்றுவது, வளைந்த ஷாஃப்டை உருட்டிப் பார்த்துவிட்டு "இது தேறாதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது, எல்லாமே கோயம்புத்தூரில் என் சின்னப் பட்டறையில் பழைய லேத் ஒன்றை வைத்துக்கொண்டே ஓடிவிடும். முழுக் கியூவையும் மரத்திலிருந்து நாமே செய்யலாம் என்று இறங்கினால்தான் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின் என்ற பேச்சு வருகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. இந்த வேலை மெஷினிடம் என்ன கேட்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் முக்கால்வாசி மெஷின்கள் தானாகக் கழிந்துவிடும்.

எழுதிக்கொண்டது இவ்வளவுதான். பூல் கியூ பொதுவாக 58 அங்குலம். நடுவில் திருகு ஜாயிண்ட், இரண்டு பக்கமும் 29 அங்குலம், அதாவது ஒவ்வொரு துண்டும் சுமார் 737 மில்லிமீட்டர். முன் துண்டான ஷாஃப்ட் ஹார்ட் மேப்பிள் மரம்; டிப் பக்கம் 13 மில்லிமீட்டர் அல்லது கொஞ்சம் குறைவு, ஜாயிண்ட் பக்கம் 21.5 கிட்ட. புரோ டேப்பர் என்கிற வடிவத்தில் டிப்பிலிருந்து 10 முதல் 14 அங்குலம்வரை கனம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி போய், அதற்கப்புறம்தான் ஏற ஆரம்பிக்கும். பின் துண்டான பட் அடியில் 32 மில்லிமீட்டரைத் தொடும். மொத்த எடை 540 கிராமுக்கு முன்னே பின்னே. இதில் மெஷினுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, மரத்தைச் சுற்றவிட்டு டேப்பர், அதாவது முனை நோக்கி ஒல்லியாகும் வடிவம், சீவுவது. இன்னொன்று, பட்டில் பாயிண்ட், வைரம், வளையம் என்று அலங்காரத் துண்டுகளை (இன்லே) பதிக்கக் குழி வெட்டுவது. இரண்டையும் ஒரே மெஷின் செய்யும் என்றுதான் விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். செய்யத்தான் செய்யும், ஆனால் இந்த இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர் யோசனைகளைத் தள்ளிவிடுவோம். கோயம்புத்தூரில் நீங்கள் சிஎன்சி என்று வாயைத் திறந்தாலே பழைய டர்னிங் சென்டர் (இரும்பு கடையும் சிஎன்சி லேத்) ஒன்று மலிவாக இருக்கிறது என்று யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். பம்ப் ஷாஃப்ட் கடைகிற ஊர், வேறு எதைச் சொல்வார்கள்? இரும்புக்கு அருமையான மெஷின்தான். ஆனால் சின்ன டர்னிங் சென்டர்களில் 760 மில்லிமீட்டர் நீள மரத்துக்கு இடமே இருக்காது. இருந்தாலும் நிற்கிற டூல் ஒன்று ஒல்லி மரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும், போதாததற்கு மரத்தூள் ஸ்லைடு எண்ணெயில் கலந்து களிம்பாகிவிடும். அடுத்தது கட்டில் கால், மாடிப்படித் தூண் கடையும் மர சிஎன்சி லேத். அதிலும் அதே நிற்கிற டூல்தான், மரம்தான் வேகமாகச் சுற்றும். 13 மில்லிமீட்டர் மேப்பிளை அந்த வேகத்தில் சுற்றினால் நடுவில் சாட்டை மாதிரி வீசும். கியூவுக்கு வேண்டியது இதற்கு நேர் தலைகீழ்: மரம் நிதானமாகச் சுற்ற வேண்டும், கட்டர் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆக, சுற்றும் கட்டர் படுக்கைக்கு மேலே நகர்ந்து வெட்டும் ரூட்டர் வகை மெஷின், அதோடு மரத்தைப் பிடித்துச் சுற்றும் தலையான நாலாவது அச்சு. ஃபவுண்டரிக்கு மர பேட்டர்ன் வெட்டும் கடைகளில் ஓடுகிற அதே ஜாதி.

மரம் எவ்வளவு வளையும் என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மெஷின் தேர்வு முழுக்க அதில்தான் தொங்குகிறது. 16 மில்லிமீட்டர் கனம், 760 மில்லிமீட்டர் நீளம், இரண்டு முனையிலும் தாங்கும் கூர்முனையான சென்டர். இப்படி நிற்கும் மேப்பிள் துண்டை நடுவில் 100 கிராம் அளவுக்குத் தள்ளினாலே கால் மில்லிமீட்டர் கிட்ட ஒதுங்கிவிடும். கனத்தை 13 என்று வைத்தால் அது அரை மில்லிமீட்டர். வெறும் 100 கிராம்! கட்டர் மழுங்கி இருந்தால், ஒரே தடவையில் ஆழமாக எடுக்கப் போனால், ஷாஃப்டின் நடுப்பகுதி பயந்து ஒதுங்கி, வெட்டி முடித்ததும் அங்கே மட்டும் கனமாக நிற்கும். மெஷின் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கடைசிச் சீவல்களில் 0.1, 0.2 மில்லிமீட்டர் என்று தோல் உரிப்பதுபோல எடுப்பதுதான் வழி. இன்னொன்று, மேப்பிளை ஒரே நாளில் முழு டேப்பருக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு தடவை சீவியதும் உள்ளே அடைந்து கிடந்த இழுவிசை விடுபட்டு மரம் திரும்பும். சில வாரங்கள் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எது நேராக நிற்கிறது, எது வில்லாகிவிட்டது என்று பார்த்து, நின்றதை மட்டும் அடுத்த சீவலுக்கு எடுக்க வேண்டும். அதனால் ஒன்றொன்றாகச் செய்வது கதைக்கு ஆகாது, 20 துண்டை ஒன்றாக ஏற்றி ஒரே மூச்சில் சீவி இறக்குவதுதான் சரிப்படும்.

நீளத்தில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். 6090 என்று விற்கிற ரூட்டரில் நீளவாக்கில் 900 மில்லிமீட்டர் ஓட்டம் இருக்கிறது, 29 அங்குலத்துக்கு அது போதுமே என்று தோன்றும். ஆனால் படுக்கையில் மரம் மட்டும் உட்காராது. சென்டருக்கு விட்ட கூடுதலோடு மரம் 762, மரத்தைப் பிடிக்கும் சக் தலை ஒரு 200, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் ஒரு 130, மொத்தம் 1100 கிட்ட வருகிறது. அதோடு, நம் ஊர் கிளப்புகளில் பூலைவிட ஸ்னூக்கர் டேபிள்தான் அதிகம். அதில் ஆச்சரியம் இல்லை, அந்த ஆட்டத்தின் விதிகளையே 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள் என்பார்கள். ஸ்னூக்கர் கியூ பெரும்பாலும் ஆஷ் மரம், டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர். ஜாயிண்ட் நடுவில் இல்லாமல் முக்கால் நீளத்தில் வரும் முக்கால் ஜாயிண்ட் கியூவில் முன் துண்டே ஒரு மீட்டர் தாண்டும். இன்று பூல் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு 900 வாங்கினால் நாளைக்கு முதலில் வரும் ஆர்டர் ஸ்னூக்கராக இருக்கும். நான் 600-க்கு 1200 ஓட்டம் உள்ளதாகத் தேடினேன். ஒரே துண்டாகச் செய்கிற 1450 மில்லிமீட்டர் கியூவுக்கு இதுவும் பத்தாது, அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 1325 என்ற எட்டடிக்கு நாலடி ஃபர்னிச்சர் மெஷின் எல்லாம் இதற்கு அநியாயம், பட்டறையில் மனுஷன் நிற்க இடம் வேண்டாமா?

உயரத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நாலாவது அச்சின் சென்டர் உயரம் பொதுவாக 65 மில்லிமீட்டர் கிட்ட. அதன் மேல் மரத்தின் பாதிக் கனம், அதன் மேல் வெட்டும் பிட்டின் நீளம், அதைப் பிடிக்கும் கோலட்டின் நட்டு, பிட்டைத் தூக்கிக் கடக்க ஒரு இடைவெளி. கட்டரைத் தாங்கும் குறுக்குப் பாலமான கேன்ட்ரிக்குக் கீழே 130, 150 மில்லிமீட்டராவது இல்லாவிட்டால் சக்கின் தாடையில் போய் முட்டும்.

இப்போது அந்த நாலாவது அச்சு. இதுதான் பணமும் புத்தியும் போகிற இடம்.

இன்லே குழி வெட்டும்போது அச்சு மிக மெதுவாக, முன்னும் பின்னும், இம்மி விலகாமல் நிற்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வட்டமாக வர வேண்டிய குழி, அச்சு திரும்புகிற இடத்தில் சின்னப் படி விழுந்து நிற்கும். அதில் முத்துச்சிப்பித் துண்டைப் பதித்தால் ஒரு பக்கம் இறுக்கம், இன்னொரு பக்கம் பசைக்கோடு. இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து நிறுத்திவிட்டு, சக்கில் ஒரு தட்டைப் பட்டியைக் கட்டி, மையத்திலிருந்து சரியாக 100 மில்லிமீட்டர் தள்ளி டயல் கேஜின் முள்ளை உட்கார வைத்து, பட்டியை ஒரு விரலால் மேலே தள்ளி விடவும், கீழே தள்ளி விடவும். விரலை எடுத்தபிறகு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். தள்ளும்போது போய், விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் அது வெறும் நெகிழ்ச்சி, லேசான வெட்டுக்கு அது தொந்தரவு தராது. போன இடத்திலேயே நின்றுவிட்டால் அது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டம். ஊரில் கணபதி பகுதியில் மெஷின் அசெம்பிள் செய்யும் ஒரு இடத்தில் வார்ம் கியர் (திருகுப் பல் சக்கரம்) பெட்டி போட்ட தலையை இப்படிப் பார்த்தபோது முள் 0.6 போய் அங்கேயே உட்கார்ந்தது. பட்டின் முன்பகுதி 25 மில்லிமீட்டர் கனம் என்றால் ஆரம் 12.5, அதாவது டயல் வைத்த தூரத்தில் எட்டில் ஒன்று. ஆக மரத்தின் மேல் 0.075 மில்லிமீட்டர் பிசகும். பேட்டர்ன் வேலைக்கு அது ஒன்றுமே இல்லை, இன்லேக்கு அது கண்ணுக்குத் தெரியும் கோடு. பக்கத்தில் இருந்த, ஆட்டமே இல்லாத கியர் வகையான ஹார்மோனிக் டிரைவ் தலையில் முள் விரலோடு லேசாகப் போய் விரலோடு திரும்பி வந்தது.

சரி, ஹார்மோனிக்கை எடுத்துவிடலாம் என்றால் டேப்பர் குறுக்கே நிற்கிறது. 50-க்கு 1 குறைப்பு உள்ள ஹார்மோனிக் தலை, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் 600 ஆர்பிஎம்மில் ஓடினாலும் மரத்தை நிமிடத்துக்கு 12 தடவைதான் சுற்றும். ஒரு சுற்றுக்குக் கட்டர் 1.5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்தால் 760 மில்லிமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல், ஒரு சீவலுக்கு 42 நிமிடம். 20 துண்டு ஏற்றினால் 14 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு சீவலுக்கு. 6-க்கு 1 பெல்ட் தலை அதே மோட்டாரில் 100 சுற்று சுற்றும், ஒரு துண்டு 5 நிமிடத்தில் முடியும். ஆனால் அதில் ஸ்டெப்பரின் ஒரு முழு ஸ்டெப் என்பது 0.3 டிகிரி, நடுவில், அந்த ஸ்டெப்பை இன்னும் சின்னதாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பை நம்பித்தான் ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தலையில் வேண்டும் என்பவர்களுக்கு தான் நிற்கும் இடத்தைத் தானே சரிபார்க்கும் க்ளோஸ்டு லூப் மோட்டார் போட்ட பெல்ட் தலைதான் நடுவழி. பலர் அதில்தான் நல்ல கியூவே செய்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை.

எனக்கு வேறு வழி காட்டியது லேத்தில் என்னைப் பழக்கிய மாஸ்டர். வரைந்து வைத்திருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஒரு குச்சி சீவறதுக்கா இத்தனை பெரிய மிசினு?" என்றார்.

"நேராச் சீவணுமுங்க மாஸ்டர். அப்புறம் அதுலயே டிசைனும் வெட்டணும்."

"வெட்டறப்ப நிக்கோணும், சீவறப்ப சுத்தோணும். ரெண்டுக்கும் ஒரே தலைய எதுக்குங்க கட்டி அழுவறீங்க? சீவறதுக்குக் குச்சி சும்மா சுத்துனாப் பத்தாதா?"

பத்தும். டேப்பருக்கு மரத்தின் கோணம் என்ன என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சீராகச் சுற்றினால் போதும். கட்டர் நீளவாக்கில் போய்க்கொண்டே ஏறி இறங்கினால் டேப்பர் வந்துவிடும். குறுக்கே 600 மில்லிமீட்டர் படுக்கை சும்மாதானே கிடக்கிறது? அதனால் படுக்கையின் முன்பக்கம் ஹார்மோனிக் தலையும் அதற்கொரு டெயில்ஸ்டாக்கும், பின்பக்கம் 150 ஆர்பிஎம்மில் ஓடுகிற சாதாரண கியர் மோட்டார் தலையும் அதற்கொரு டெயில்ஸ்டாக்கும் என்று இரண்டு வரிசை போட்டேன். பின்வரிசையில் ஒரு ஷாஃப்ட் மூன்றரை நிமிடத்தில் முடிகிறது. கூடுதல் செலவு ஒரு கியர் மோட்டார், இரண்டு பேரிங் பிளாக், ஒரு லைவ் சென்டர். சீன ஏ-அச்சு (நாலாவது அச்சு) செட்டோடு சேர்த்து விற்கும் மெஷினின் விலையோடு பார்த்தால் இது ஒன்றும் பெரிய தொகை இல்லை. அச்சு தலை இல்லாமல் வெறும் ரூட்டராக வாங்கினால் அசெம்பிள் செய்பவர்கள் விலையையும் குறைக்கிறார்கள், கேட்டுத்தான் பாருங்களேன்.

பின்வரிசையில் மரத்தைச் சக் தாடையில் இறுக்கிப் பிடிக்கவில்லை. சதுரத் துண்டைத் தாடை கோணலாகக் கடித்தால் மரம் வளைந்த நிலையிலேயே வெட்டுப்பட்டு, கழற்றியதும் நிமிர்ந்து கோணலாகிவிடும். இரண்டு பக்கமும் சென்டர், மரத்தைக் கவ்விச் சுற்றிவிட ஒரு நாய்க்கட்டை (லேத் டாக்), அவ்வளவுதான். டெயில்ஸ்டாக்கை ஓங்கி இறுக்கினாலும் ஒல்லி ஷாஃப்ட் வில்லாக வளையும். மென்மையான ஸ்பிரிங் ஒன்று பின்னால் இருந்து அழுத்துவதே போதும். கட்டர் விஷயத்திலும் ஒன்று இருக்கிறது. பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டில் மேலிருந்து கீழாக நிற்கிற ரூட்டரில் தட்டை எண்ட் மில்லை மரத்தின் உச்சிக்கு நேர் மேலே வைத்தால், பிட்டின் மையத்தில் வேகமே இல்லாததால் அது வெட்டாமல் தேய்க்கும், மேப்பிள் பளபளத்துச் சூடாகும். குறுக்கே கொஞ்சம் நகர்த்தி, பிட்டின் மையத்துக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதி உச்சியில் வருமாறு வைத்தால் தூள் தூளாகச் சீவி வரும், தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். டெயில்ஸ்டாக் 0.1 மில்லிமீட்டர் மேலே கீழே இருந்தால் அந்த முனையில் விட்டம் 0.2 மாறும். டேப்பர் வடிவத்துக்கு டெம்ப்ளேட் பார் (மாதிரிப் பட்டை) வைத்த பழைய மெஷின் என்றால் தகடு வைத்துத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதில் ஒரு வேஸ்ட் கட்டையைச் சீவி நாலு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து, வித்தியாசத்தைப் புரோகிராமில் கழித்துவிட்டால் முடிந்தது. சிஎன்சி வாங்கியதன் உண்மையான லாபம் எனக்கு இதுதான்.

ஸ்பிண்டிலுக்கு 1.5 கிலோவாட் தாராளம். எல்லோரும் 2.2-ஐக் கை காட்டுவார்கள், அது கனம்தான் கூடும். பார்க்க வேண்டியது ரன்-அவுட், அதாவது சுற்றும்போது மையத்திலிருந்து விலகி ஆடும் அளவு. இன்லே மூலைகளுக்கு 0.8 மில்லிமீட்டர் பிட் ஓடும், 24000 ஆர்பிஎம்மில் பிட் 0.03 ஆடினால் அது வெட்டும் முன்பே ஒடியும். கோலட்டைக் கழற்றி உள் டேப்பரில் டயல் வைத்து, கையால் சுற்றி 0.01-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில் சத்தம் குறைவு, பட்டறையை ஒட்டி வீடு இருந்தால் அதுவே சரி. மர ட்ரிம்மரை மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு, டேப்பருக்கு அது தாராளமாகப் போதும்.

கன்ட்ரோலருக்குப் பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ்சிஎன்சி என்ற சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன். காசு கிடையாது, போடுமுன், கம்ப்யூட்டர் தாமதிக்கிறதா என்று காட்டும் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும். கையில் பிடிக்கும் டிஎஸ்பி ரிமோட்டும் நன்றாகத்தான் ஓடும், ஆனால் ஜி93 என்ற வேகக் கட்டளையை ஏற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜி94-ல் நீள அச்சும் சுழல் அச்சும் சேர்ந்து நகரும்போது லினக்ஸ்சிஎன்சி வேகத்தை நேர் அச்சுகளுக்கு மட்டும்தான் கணக்கெடுக்கும். நீளவாக்கில் 0.1 மில்லிமீட்டரும் சுழற்சியில் 20 டிகிரியும் இருக்கிற ஒரு வரி வந்தால், அந்த 0.1-க்கான நேரத்துக்குள் 20 டிகிரியையும் முடிக்கப் பார்த்து, தன்னால் முடிந்த உச்ச வேகத்தில் திரும்பும். 25 மில்லிமீட்டர் கனத்தில் 20 டிகிரி என்பது நாலு மில்லிமீட்டருக்கு மேல், ஒல்லி பிட்டுக்கு அதோடு ஆயுள் முடிந்தது. ஜி93-ல் ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று சொல்லிவிடுவதால் இந்த வம்பு இல்லை. டேப்பர் புரோகிராமுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், எக்செல்லில் நீளம் ஒரு பத்தி, விட்டம் ஒரு பத்தி போட்டு வரிகளை ஒட்டினாலே போதும்.

ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் மின் இரைச்சல் லிமிட் ஸ்விட்ச் வயரில் ஏறி, மெஷின் நடுவில் நின்றுபோவது இந்த ரூட்டர்களில் சர்வசாதாரணம். ஸ்பிண்டில் வயர் ஷீல்டு போட்டதாக இருக்கட்டும், எர்த்தைத் தனிக் கம்பியாக அடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தால் கோணம் எங்கே இருந்தது என்று மெஷினுக்குத் தெரியாது, அதனால் ஹார்மோனிக் தலைக்கு ஆரம்ப இடத்தைக் காட்டும் ஒரு ஹோம் ஸ்விட்ச் கட்டாயம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டுக்குக் கருங்காலி பிரமாதமான மரம், வெள்ளை மேப்பிள் பாயிண்டோடு கண்ணைப் பறிக்கும். கருங்காலி மாலை மோகம் வந்ததிலிருந்து கறுப்புச் சாயம் பூசியதெல்லாம் கருங்காலி என்று விற்கிறது, குறுக்கே வெட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஈட்டி என்றால் ரசீதோடு வாங்குங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா வகை மரங்கள் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் கியூவை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது காகிதம் கேட்கலாம். இரண்டின் தூளும் மூச்சுக்கு ஆகாது, தூசி உறிஞ்சியையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஜாயிண்ட் மட்டும் இந்த மெஷினில் ஏறுவதில்லை. முனையை முகம் சீவுவது, துளை போட்டு அதை அகலப்படுத்துவது, 3/8-10 பின்னுக்கு மரை எடுப்பது, காலர் உட்கார வைப்பது எல்லாம் லேத்தில்தான். அதற்கு லேத்தின் ஸ்பிண்டில் துளை பட்டின் 32 மில்லிமீட்டர் அடிப்பாகம் உள்ளே நுழைகிற அளவுக்கு, 38 அல்லது 40 ஆவது இருக்க வேண்டும். மேஜை மேல் வைக்கும் குட்டி லேத்துகளில் துளை 20 சுற்றித்தான் இருக்கும், ஷாஃப்டே போகாது. கையில் இருக்கிற பணம் ஒரு மெஷினுக்குத்தான் காணும் என்றால் அகலத் துளை உள்ள பழைய லேத்தை முதலில் வாங்கிவிடுங்கள். டேப்பர் சீவிய மேப்பிளையும் பட் பிளாங்க்கையும் வெளியே வாங்கிக் கியூ செய்ய முடியும், ஜாயிண்டை அப்படி வாங்க முடியாது.